ஞாயித்துக்கிழமை யார் கூட சாப்பிட்டே?

பாலக்கோட்டில் என் அக்கா வீட்டுக்குப் போனால் காபி வருவதற்கு முன்னால் செல்போன் வந்துவிடும்.

"பாருடா தம்பி, உன் மருமகன் எங்கெங்க போயிருக்கான் பாரு!"

பார்ப்பேன். ஒரு போட்டோவில் ஆற்றுப் பாலத்தில் சாய்ந்துகொண்டு சிரிக்கிறான். இன்னொன்றில் பழைய கோட்டை வாசலில் கையை விரித்துக்கொண்டு நிற்கிறான். மூன்றாவதில் ஒரு கூம்பு ஐஸ்க்ரீம், பின்னாலே மஞ்சள் இலை மரங்கள். அக்கா பையன் ஜெர்மனிக்கு எம்.எஸ். படிக்கப் போயிருக்கிறான். சனி, ஞாயிறு வந்தால் ஊர் சுற்றல். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவறாமல் ரெண்டு போட்டோ வாட்ஸப்பில் வந்து விழும். அக்கா அதைத் தெருவுக்கே காட்டுவாள். தக்காளி மண்டியில் அக்கா வீட்டுக்காரர் காட்டுவார். அங்கே கூடைக்கு விலை கேட்க வந்தவர்கள்கூட, "தம்பி நல்லா கலராயிட்டாப்ல" என்று சொல்லிவிட்டுத்தான் விலை கேட்க வேண்டும்.

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமை. நான் பி.காம். முடித்துவிட்டு தர்மபுரியைத் தாண்டிப் போன அதிகபட்ச தூரம் பெங்களூர். என்னுடைய வீக் எண்ட் என்பது ஒகேனக்கல். அங்கே போய் எண்ணெய் மசாஜ் என்ற பெயரில் ஒருத்தர் நம்மை சப்பாத்தி மாவாகப் பிசைவார். அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு, வறுத்த மீன் தின்றுவிட்டு, பரிசலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு பென்னாகரம் வழியாக பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தால் முடிந்தது உல்லாசப் பயணம். இவனோ கோட்டை, ஆறு, ஐஸ்க்ரீம் என்று அசத்துகிறான்.

ஆனால் பாருங்கள், கணக்குப் படித்தவன் புத்தி இருக்கிறதே, அது சும்மா இருக்காது. வவுச்சரைப் பார்த்தால் தேதியைப் பார்க்கும்.

போன டிசம்பர் கடைசியில் அக்கா காட்டிய போட்டோவில் மரம் நிறைய மஞ்சள் இலை. டிசம்பர் மாசம் ஜெர்மனியில் மரத்தில் இலை ஏது? அங்கே அக்டோபரில் பழுத்து, நவம்பரில் உதிர்ந்து, டிசம்பரில் மரங்கள் விளக்குமாறு மாதிரி நிற்கும். போனை வாங்கிப் பின்னோக்கித் தள்ளினேன். பத்து வாரத்துப் படங்கள். பத்திலும் ஒரே நீல ஜாக்கெட். பத்திலும் மேலேயிருந்து மூன்றாவது பட்டனில் ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரே நூல், ஒரே நீளம்!

அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அவனுக்கு போன் போட்டேன்.

ஒரு ஸ்டாக் கணக்கு

நமக்கு ராத்திரி ஏழு மணி. குளிர்காலத்தில் நமக்கும் ஜெர்மனிக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அவனுக்கு மத்தியானம் ரெண்டரை. ஞாயிற்றுக்கிழமை.

"என்ன மாப்ளே, ஊரெல்லாம் சுத்தறியாமே?"

"ஆமாங்க மாமா."

"எல்லா ஊர்லயும் உன் ஜாக்கெட்டு நூல் மட்டும் அப்பிடியே தொங்குதே, எப்படி?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"மாமா... அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

விஷயம் இதுதான். போன புதிதில் கூடப் படிக்கிற பசங்க ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு சனிக்கிழமை பக்கத்து ஊருக்குப் போயிருக்கிறார்கள். அங்கே 2023 மே மாதத்திலிருந்து ஒரு மாதச் சீட்டு உண்டு. 49 யூரோவில் ஆரம்பித்தது. அதை வைத்துக்கொண்டு நாடு முழுக்க லோக்கல் ரயில், பஸ், டிராம் எதில் வேண்டுமானாலும் ஏறலாம். மாணவர்களுக்கு அதில் சலுகையும் உண்டு. ஏறியிருக்கிறார்கள். காலையிலிருந்து ராத்திரி வரை சுற்றி, நூற்றுக்கணக்கில் போட்டோ எடுத்துத் தள்ளியிருக்கிறார்கள். அதோடு சரி. அதற்கப்புறம் ஆளாளுக்குப் பகுதி நேர வேலை. சிலருக்குக் குடோனில், சிலருக்கு ஓட்டலில். சனி ஞாயிறுதான் ஷிப்ட். குரூப் கலைந்துவிட்டது. இவன் அந்த ஒரே ஒரு சனிக்கிழமையை வாரத்துக்கு ரெண்டு படமாக அம்மாவுக்குப் பட்டுவாடா செய்துகொண்டிருக்கிறான்.

"இன்னும் எவ்வளவு ஸ்டாக் இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லா விழுந்தது பதினொண்ணு இருக்குங்க மாமா. அஞ்சு வாரம் ஓட்டலாம். அதுக்குள்ள பரீட்சை வந்துரும். அப்புறம் படிக்கிறேன்னு சொல்லிக்கலாம்."

சிரிப்பும் வந்தது. தொண்டையில் என்னவோ அடைத்துக்கொண்டும் வந்தது.

"சரி, இன்னிக்கு என்ன சாப்பிட்டே?"

"ரொட்டி."

"தொட்டுக்க?"

"ரொட்டிதான் மாமா."

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. நம் ஊர் பந்த் மாதிரி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பந்த்திலாவது பாதி ஷட்டர் திறந்து டீ கொடுப்பார்கள். அங்கே சட்டமே அப்படி. பெரிய ரயில் நிலையம், பெட்ரோல் பங்க், சில பேக்கரி தவிர மளிகைக் கடை எல்லாம் பூட்டு. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வாங்கி வைக்க மறந்தால் திங்கட்கிழமை வரைக்கும் ஏகாதசி. சத்தமும் கூடாது. சுவரில் டிரில்லிங் போடக் கூடாது. காலி கண்ணாடி பாட்டிலைக் கொண்டுபோய்த் தெருமுனைத் தொட்டியில் போடக் கூடாது, 'டங்' என்று சத்தம் வருமாம். குடும்பம் உள்ளவர்களுக்கு அது சொர்க்கம். குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டு, காட்டுப் பாதையில் நடந்துவிட்டு வருவார்கள். தனியாக ஒரு ரூமில் இருக்கிற பாலக்கோட்டுப் பையனுக்கு?

அவன் சொன்ன ஒரு வார்த்தை ரெண்டு நாள் தூங்கவிடவில்லை.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளாஸ் முடிஞ்சா, திங்கக்கிழமை காலைல வரைக்கும் அம்மாகிட்ட பேசற அந்தப் பத்து நிமிஷம்தான் மாமா. திங்கக்கிழமை வாயத் தொறந்தா குரல் கட்டியிருக்கும்."

என்னிடமும் ஒரு ஞாயிறு உண்டு

அவனுக்கு உடனே புத்தி சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. எனக்கு என் பெங்களூர் ஞாபகம் வந்துவிட்டது.

டிகிரி முடித்த சூட்டோடு அங்கே ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸில் சேர்ந்தேன். நம் ஜில்லாப் பசங்களுக்கு முதல் ஃபாரின் பெங்களூர்தானே! திங்கள் முதல் சனி வரை ஒன்றும் தெரியாது. ஆபீஸ், லெட்ஜர், திட்டு, மெஸ், தூக்கம். ஞாயிறு வந்தால்தான் ஊர் என்ற ஒன்று இருப்பது தெரியும். காசிருக்கிற வாரம் ஓசூர் பஸ் பிடித்துத் தர்மபுரி வந்துவிடுவேன். காசில்லாத வாரம் பெங்களூரிலேயே.

மெஸ்ஸில் சாப்பிட்டவர்களுக்கு ஒரு ரகசியம் தெரியும். ஞாயிறு மத்தியானம் ஸ்பெஷல் சாப்பாடு போடுவார்கள், ராத்திரி மெஸ் லீவு. அந்த ஞாயிறு ராத்திரி ஒன்பது மணி இருக்கிறதே... மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் போய்ச் சும்மா நிற்பேன். தர்மபுரி போர்டு போட்ட பஸ் புறப்படுவதைப் பார்ப்பேன். கண்டக்டர் "தர்மபுரி, சேலம், தர்மபுரி, சேலம்" என்று கத்துவதைக் கேட்டுவிட்டு ரூமுக்குத் திரும்புவேன். வீட்டுக்கு போன் செய்தால், "சினிமாவுக்குப் போயிட்டு வந்தேன்மா" என்பேன். பார்க்காத சினிமாவுக்குக் கதையும் சொல்வேன்!

ஆகவே மருமகன் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. தாய்மாமன் வித்தை.

அந்த வாரம் முழுக்க யோசித்தேன். புத்தகங்களைப் புரட்டினேன். வெளிநாட்டுக்குப் படிக்கப் போன நம் ஆட்கள் சனி, ஞாயிறுகளை என்ன செய்தார்கள்? முக்கியமாக ரெண்டு பேர் மாட்டினார்கள். ரெண்டு பேருமே சைவம். ரெண்டு பேருக்குமே கல்யாணம் ஆகிவிட்டிருந்தது. ரெண்டு பேருமே கணக்கு எழுதியவர்கள் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

வெள்ளை பேண்ட்டும் பத்தொன்பது ஷில்லிங் தொப்பியும்

முதல் ஆள் பதினெட்டு வயசுப் பையன். 1888 செப்டம்பர் 4-ம் தேதி பம்பாயில் கப்பல் ஏறினான். மது, மாமிசம், மாது மூன்றையும் தொடுவதில்லை என்று அம்மாவுக்கு சத்தியம் செய்து கொடுத்துவிட்டுப் போனவன். இறங்கும்போது பந்தாவாக இருக்கட்டும் என்று வெள்ளை ஃப்ளானல் உடுப்பு போட்டுக்கொண்டான். இறங்கியது செப்டம்பர் கடைசி, குளிர் ஆரம்பம். சுற்றிலும் எல்லோரும் கருப்பு உடுப்பு. இவன் ஒருத்தன் மட்டும் பளீரென்று கொக்கு மாதிரி! மாற்றிக்கொள்ளலாம் என்றால் பெட்டிகள் ஏஜண்டிடம். அன்றைக்கு சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு, பெட்டி வராது. திங்கள் வரைக்கும் வெள்ளை பேண்ட்தான்.

மோகன்தாஸ் காந்தி என்ற அந்தப் பையனின் முதல் லண்டன் வீக் எண்ட் இது. 'சத்திய சோதனை'யில் அவரே எழுதியிருக்கிறார்.

ராத்திரியானால் அம்மாவை நினைத்துக் கண்ணீர் வழியுமாம். தங்கியிருந்த வீட்டில் சைவமாக என்ன கிடைக்கும்? ரொட்டி, வேகவைத்த கீரை. இன்னும் ரெண்டு துண்டு ரொட்டி கேட்க வெட்கம். பசியோடு லண்டன் தெருக்களில் மைல் கணக்கில் நடந்து, கடைசியில் ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ ஓட்டலைக் கண்டுபிடித்தார். இங்கிலாந்து வந்து முதன்முதலாக வயிறார சாப்பிட்டது அங்கேதான்.

நடுவில் ஆசாமி கொஞ்சம் தடம் மாறினார். ஜென்டில்மேன் ஆக வேண்டாமா? பத்தொன்பது ஷில்லிங்குக்குத் தொப்பி. பாண்ட் தெருவில் பத்து பவுனுக்கு சூட். டான்ஸ் கிளாஸுக்கு மூன்று பவுன் கட்டினார். மூன்று வாரத்தில் ஆறு பாடம். பியானோ ஒரு பக்கம் போக, இவர் கால் ஒரு பக்கம் போனது! தாளம் பிடிபடட்டும் என்று மூன்று பவுனுக்கு வயலின் வாங்கினார். மேடைப் பேச்சு வாத்தியாருக்கு ஒரு கினி. சுமார் மூன்று மாதம் இந்தக் கூத்து. பிறகு, 'நான் படிக்க வந்தவன், இங்கேயே குடியிருக்க வந்தவனில்லை' என்று தெளிந்து வயலினை விற்கச் சொல்லிவிட்டார். தினமும் தூங்கப் போகுமுன் ஒவ்வொரு ஃபார்திங் செலவையும் எழுதி மொத்தம் போடுவாராம். பி.காம். வகுப்பில் அவர் படத்தை மாட்டலாம்.

கவனியுங்கள். டான்ஸ் போனது, வயலின் போனது. அந்த சைவ ஓட்டல் மட்டும் போகவில்லை. அங்கே சாப்பிட வந்தவர்கள் மூலம் சைவ உணவுச் சங்கம். அதில் செயற்குழு உறுப்பினர். பிறகு பேஸ்வாட்டர் பகுதியில் தானே ஒரு குட்டி சைவ கிளப் ஆரம்பித்து அதற்கு செகரட்டரி! கூட்டத்தில் எழுந்து நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிற சங்கோஜி அவர். பேசத் தெரிந்ததால் கூட்டம் சேரவில்லை. சேர்ந்து சாப்பிட்டதால் சேர்ந்தது.

இன்னொரு சம்பவம் ஞாயிறு சம்பந்தப்பட்டது. பிரைட்டன் கடற்கரை ஊரில் ஒரு ஓட்டலில் மெனு கார்டு பிரெஞ்சு பாஷையில் இருந்தது. திருதிருவென்று விழித்தவருக்கு எதிரில் இருந்த ஒரு விதவை மூதாட்டி உதவி செய்தார். லண்டன் விலாசம் கொடுத்து, ஒவ்வொரு ஞாயிறும் தன் வீட்டுக்கு சாப்பிட வரச் சொன்னார். இவரும் போனார். பாட்டி மெல்ல ஓர் இளம்பெண்ணை அறிமுகம் செய்து, ரெண்டு பேரையும் பேசவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்வார். இவருக்கு ஊரில் மனைவியும் குழந்தையும்! ஞாயிறுக்கு ஞாயிறு தர்மசங்கடம். கடைசியில் உண்மையை எழுதி ஒரு கடிதம் போட்டார். பாட்டியும் அந்தப் பெண்ணும் விழுந்து விழுந்து சிரித்ததாகவும், அடுத்த ஞாயிறு அவசியம் வர வேண்டும் என்றும் பதில் வந்தது.

பொய் சொன்னவரையும் மன்னித்து இன்னொரு ஞாயிறு கொடுத்தார்கள் பாருங்கள்.

முப்பது ரூபாய் குமாஸ்தாவின் ரசம்

ரெண்டாவது ஆள் நம்ம ஊர். பிறந்தது ஈரோடு, வளர்ந்தது கும்பகோணம். 1912-ல் சென்னை துறைமுகக் கழகத்தில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் மாதம் முப்பது ரூபாய் சம்பளத்துக்கு குமாஸ்தா. ஆபீஸ் போகிற நண்பர்களே, கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். கணித மேதை ராமானுஜன் நம் ஜாதி, குமாஸ்தா ஜாதி!

1914 மார்ச் 17-ல் கப்பல் ஏறினார். ஏறுவதற்கு முன் குடுமியை எடுத்தாயிற்று. ஏப்ரலில் லண்டன், பிறகு கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரி. ஹார்டி என்ற பெரிய கணித மேதை இவருக்காகக் காத்திருந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 250 பவுன் உதவித்தொகை கொடுத்தது. படிப்பில் ஒரு குறையும் இல்லை. திங்கள் முதல் சனி வரை சக்ரவர்த்தி.

குறை எங்கே இருந்தது தெரியுமா? கட்டிலில்!

அதே சமயம் கேம்பிரிட்ஜில் படித்த ஒரு வங்காள மாணவர், பிரசாந்த சந்திர மகலனோபிஸ். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை உண்டாக்கியவர். ஒரு குளிர்நாளில் ராமானுஜன் ரூமுக்குப் போனார். ராத்திரி குளிர் தாங்குகிறதா என்று பேச்சுவாக்கில் கேட்டார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையையும் சுற்றிக்கொண்டு படுத்தும் நடுங்குவதாகச் சொன்னார் ராமானுஜன். கம்பளி போதவில்லையோ என்று இவர் போய்க் கட்டிலைப் பார்த்தால், கம்பளிகள் எல்லாம் மெத்தையோடு ஒழுங்காகச் செருகப்பட்டு, மேலே விரிப்பு போட்டு அப்படியே இருக்கின்றன. ராமானுஜன் இத்தனை நாளும் விரிப்பின் மேலேயே படுத்திருக்கிறார்! கம்பளியை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை.

முடிவிலாத் தொடர்களை விரல் நுனியில் வைத்திருந்தவருக்குக் கம்பளி மடிப்பைக் காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. அது வகுப்பில் சொல்லித் தருகிற விஷயமில்லை. ஒருத்தர் ரூமுக்கு வர வேண்டும்.

மகலனோபிஸ் வந்தார். ஞாயிறு காலைகளில் ரெண்டு பேரும் நீண்ட தூரம் நடந்துவிட்டு வருவார்கள். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு ராமானுஜன் ரூமுக்கு அழைத்திருந்தார். இவர் காஸ் அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருக்க, மகலனோபிஸ் மேஜையருகில் உட்கார்ந்து 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையின் 1914 டிசம்பர் இதழில் வந்த புதிரைப் படித்தார். ஒரு தெருவில் ஒரே வரிசையாக 1, 2, 3 என்று இலக்கமிட்ட வீடுகள். ஒரு வீட்டுக்கு இடது பக்கமுள்ள இலக்கங்களின் கூட்டுத்தொகையும் வலது பக்கமுள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள். அந்த வீட்டின் இலக்கம் என்ன? ராமானுஜன் கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "எழுதிக்கொள்" என்று அந்த ஒரு தெருவுக்கு மட்டுமல்ல, அந்த மாதிரி எல்லாத் தெருக்களுக்கும் சேர்த்து விடை சொன்னார். (விடை: 288 வீடு, 204-ம் இலக்கம். ஆபீஸ் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். ரெண்டு பக்கமும் 20,706 வரும்.)

இப்படி ஒரு ஞாயிறு வாரா வாரம் கிடைத்திருந்தால்!

கிடைக்கவில்லை. கல்லூரி சாப்பாட்டுக் கூடத்துக்கு அவர் போவதில்லை. காய்கறியைக்கூட எந்தக் கொழுப்பில் சமைத்தார்களோ என்ற பயம். ஆகவே தன் ரூமில் தானே சமையல், வேளை கெட்ட வேளையில். 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் ஆரம்பித்ததும் பலர் யுத்தத்துக்குப் போய்விட்டார்கள். கல்லூரியே காலி. கப்பல் போக்குவரத்தில் ஆபத்து, ஊருக்குப் போய் வர முடியாது. காந்திக்கு சைவம் நண்பர்களைக் கொடுத்தது. ராமானுஜனுக்கு அதே சைவம் கதவைச் சாத்தியது.

அப்படியும் ஒருநாள் விருந்து வைத்தார். ஞானேஷ் சந்திர சாட்டர்ஜி என்ற நண்பருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவரையும், மணப்பெண்ணையும், துணைக்கு சரோஜினி நாயுடுவின் தங்கை மிருணாளினியையும் அழைத்தார். தன் கையாலேயே ரசம் வைத்தார். பரிமாறினார். குடித்தார்கள். இன்னொரு தடவை ஊற்றினார். குடித்தார்கள். மூன்றாவது தடவை ஊற்றப் போனபோது பெண்கள் ரெண்டு பேரும் போதும் என்றுவிட்டார்கள். பேச்சு தொடர்ந்தது. கொஞ்ச நேரத்தில் பார்த்தால் வீட்டுக்காரரைக் காணோம்! கீழே போய் விசாரித்தால், டாக்சி வைத்துக்கொண்டு போய்விட்டார் என்றார்கள். சில நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தந்தி, ஐந்து பவுன் அனுப்பச் சொல்லி. திரும்பி வந்து காரணம் சொன்னார். தான் பரிமாறியதை அவர்கள் வேண்டாம் என்றது மனசைப் புண்படுத்திவிட்டதாம். அவர்கள் இருக்கும்போது திரும்பி வர மனமில்லையாம்.

இதை முதலில் படித்தபோது சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. தினமும் நாலு பேருக்குப் பரிமாறுகிறவருக்கு ஒருத்தர் 'போதும்' என்றால், 'சரி, மோர் ஊத்தட்டுமா?' என்று கேட்கத் தோன்றும். வருஷத்துக்கு ஒரு நாள் பரிமாறுகிறவருக்கு அந்த ஒரு 'போதும்' உலகமே 'போ' என்று சொன்ன மாதிரி கேட்கும். ரசம் மூன்றாவது கரண்டியில் கசக்கவில்லை. அதற்கு முந்தின அத்தனை தனி ஞாயிறும் சேர்ந்து கசந்தது.

1917-ல் உடம்பு விழுந்தது. மருத்துவமனை, நர்சிங் ஹோம் என்று அலைச்சல். வீட்டிலிருந்து மனைவி ஜானகியின் கடிதமும் ஒழுங்காக வரவில்லை. மாமியார் மருமகள் தகராறில் அவை பாதியிலேயே நின்றன. 1918 தொடக்கத்தில் லண்டன் பாதாள ரயில் நிலையம் ஒன்றில் வருகிற ரயிலின் முன்னால் விழுந்தார். யாரோ புண்ணியவான் பார்த்து மின்சாரத்தை நிறுத்தினார், சில அடி தூரத்தில் ரயில் நின்றது. அதே வருஷம் ராயல் சொசைட்டி அவரை ஃபெலோ ஆக்கியது. டிரினிடியும் ஃபெலோ ஆக்கியது. ஒரே வருஷத்தில் அதுவும் நடந்தது, இதுவும் நடந்தது. நம் பாடப் புத்தகத்தில் பட்டத்தைத்தான் போடுவார்கள். 1919-ல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல் சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயசு 32.

அவருடைய நோய்க்குத் தனிமைதான் காரணம் என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. அது டாக்டர்கள் சமாச்சாரம். நான் பார்ப்பது வேறு. அவரைப் பற்றி சென்னையிலும் லண்டனிலும் எத்தனையோ பெரிய மனிதர்கள் கவலைப்பட்டார்கள். பணம் போதுமா, இடம் கிடைத்ததா, ஆராய்ச்சி நடக்கிறதா என்று கேட்டார்கள். எல்லாம் கேட்க வேண்டியதுதான். 'ஞாயித்துக்கிழமை யார் கூட சாப்பிட்டே?' என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

நாம் கேட்கிற கேள்வி

2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியில் மட்டும் 49,000-க்கு மேல் இந்திய மாணவர்கள். போவதற்கு முன்னால் பெற்றவர்கள் என்னென்ன பார்க்கிறோம்? பிளாக்டு அக்கவுண்டில் பணம் கட்டியாச்சா? (2024 செப்டம்பரில் அது 11,904 யூரோ ஆனது. மாதம் 992 வீதம் கையில் கொடுப்பார்கள்.) இன்ஷூரன்ஸ் ஆச்சா? தெர்மல் வேர் வாங்கியாச்சா? ஊறுகாய், பருப்புப் பொடி கட்டியாச்சா? போனபிறகு மார்க் என்ன, வேலை கிடைக்குமா, சாப்பிட்டியா? கடைசிக் கேள்விக்கு எல்லாப் பையனும் ஒரே பதில்தான் வைத்திருப்பான். "சாப்ட்டேன்மா." இதில் 'ஆடிட் அப்ஜெக்‌ஷன்' போட முடியாது.

'யார் கூட?' என்று ஒரு வார்த்தை சேர்த்துப் பாருங்கள். பதில் வருவதற்கு முன்னால் வருகிற அந்த ரெண்டு செகண்ட் மௌனத்தில் எல்லாக் கணக்கும் தெரிந்துவிடும்.

அடுத்த ஞாயிறு மருமகனுக்கு போன் போட்டு இந்த ரெண்டு பேர் கதையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவன், "இப்ப நான் என்னங்க மாமா பண்ணணும்? சங்கம் ஆரம்பிக்கணுமா?" என்றான்.

"சங்கமெல்லாம் வேண்டாம். உங்க ஹாஸ்டல்ல சமையல்கட்டு பொதுதானே? சனிக்கிழமையே காய்கறி வாங்கி வெச்சுக்கோ. ஞாயித்துக்கிழமை கதவைத் தொறந்து வெச்சுட்டுத் தாளி. கடுகு வெடிக்கிற சத்தத்துக்கு ஜெர்மனியில தடை இல்லையே?"

"அது தெரியலைங்க மாமா. பார்த்துச் சொல்றேன்!"

சிரித்தான். அந்தச் சிரிப்பு போட்டோ ஸ்டாக்கில் இல்லாத சிரிப்பு.

அக்காவிடம் விஷயத்தை நான் சொல்லவில்லை. அவனே சொன்னான். அக்கா ஒருநாள் அழுதாள். மறுநாள் மூன்று கிலோ ராகி மாவும், கொட்டை எடுத்த புளியும் பார்சல் கட்டினாள். தபால் செலவு மாவு விலையைப் போலப் பல மடங்கு. எந்த கணக்காசிரியரும் பாஸ் செய்ய மாட்டார். நான் பாஸ் செய்தேன்.

போன மாசம் ஒரு ஞாயிறு. வழக்கத்துக்கு மாறாக அவனே கூப்பிட்டான்.

"மாமா, இன்னிக்கு களியும் ரசமும் செஞ்சேன். பக்கத்து ரூம் வியட்நாம் பையன் வந்தான், ஒரு தெலுங்குப் பையன் வந்தான், கீழ் மாடியில ஒரு ஜெர்மன்காரன் வாசனை பிடிச்சுட்டு வந்தான்."

"களியை எப்படித் தின்னாங்க?"

"அந்த ஜெர்மன்காரன் கத்தியால வெட்டினாங்க மாமா! முழுங்கணும்னு சொல்லிக் குடுத்தேன். ரசம் ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சான். மூணாவது ஊத்தப் போனேன், போதும்னுட்டான்."

எனக்கு ஒரு கணம் திக்கென்றது.

"நீ என்ன பண்ணே?"

"நான் ஓடிப் போகலைங்க மாமா. மிச்சத்தை நானே குடிச்சுட்டேன்."

அன்றைக்கு சாயங்காலம் அக்காவுக்கு ஒரே ஒரு போட்டோதான் வந்தது. கோட்டை இல்லை, ஆறு இல்லை. ஒரு அலுமினியப் பாத்திரம், நாலு தட்டு, நாலு ஜோடிக் கை. அவன் முகம்கூட அதில் விழவில்லை.

அதைத்தான் அக்கா இப்போது தெரு முழுக்கக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.